கதவு இடித்தது

எவர்சில்வர் டம்ளர் அவள் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதி, கட்டிலுக்கு அடியில் உருண்டு ஓடியபோது நாத்தனார் கைதட்டினாள்.

"வந்துட்டான்," என்றாள். "என் தம்பி திரும்ப வந்துட்டான்."

தலையில் வெள்ளைக் கட்டும் கையில் ஊசிக் குழாயுமாகக் கட்டிலில் சாய்ந்திருந்தவர் ஜன்னலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். திரையை எவள் திறந்தாள் என்று கேட்டார். கேள்விக்கு முன்னும் பின்னும் கெட்ட வார்த்தைகள் காவலுக்கு நின்றன. இனி வெளிச்சம் படலாம், பயமில்லை என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் அவள் திரையை விலக்கியிருந்தாள். அதைச் சொல்ல வாயெடுத்துக்கொண்டே டம்ளரைப் பொறுக்கக் குனிந்தாள். அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் குனிந்தது அவள் தப்புதான். மாதக்கணக்கில் அடி வாங்காமல் இருந்ததில் பயிற்சி விட்டுப்போயிருந்தது.

அடி, கன்னத்துக்குப் பாதி கண்ணாடிக்குப் பாதி என்று நியாயமாகப் பங்கு பிரிந்து விழுந்தது. கண்ணாடி தரையில் சறுக்கிக்கொண்டு போய்க் கதவு நிலையில் முட்டியது. ஒரு வில்லையில் விரிசல் சிலந்தி வலை போல ஓடியது.

நாத்தனார் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காபி ஃபிளாஸ்க்கோடு உள்ளே வந்த கொழுந்தன், என்ன சத்தம் என்றான். பிள்ளை பரீட்சையில் பாஸான செய்தியைச் சொல்லும் குரலில் அக்காக்காரி சொன்னாள்: "உங்க அண்ணன் அண்ணியை அடிச்சுட்டான்டா."

கொழுந்தனின் முகம் மலர்ந்தது. அவன் நல்லவன்தான். அண்ணி தரையில் குனிந்து கண்ணாடியைத் தேடுவதைப் பார்த்ததும், தானே எடுத்து ஊதித் துடைத்துக் கொடுத்தான். கொடுத்துவிட்டு வெளியே போய்ப் பட்டறைப் பையன்களுக்குப் போன் போட்டு, அண்ணன் பழைய ஃபார்முக்கு வந்துட்டாரு என்று சொன்னது உள்ளே நன்றாகவே கேட்டது.

அவளுடைய கணவருக்கு இரும்பு கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்கிற பட்டறை. ஊரில் அவருக்குச் சுத்தியல் என்று பெயர். தொழிலால் வந்த பெயர் என்று அவர் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தார். அவர் அடித்து வளைத்தவற்றில் இரும்பு ஒன்றுதான் காசு கொடுத்து வாங்கியது. பாக்கியெல்லாம் தானாக வந்து மாட்டியவை: வாடகை கேட்டு வந்த வீட்டு ஓனர், பஸ் கண்டக்டர், பட்டறைக்கு எதிர்க் கடைக்காரர், ஒருமுறை தன் சொந்தத் தம்பியின் இரண்டு பல். அவள் மட்டும் நிரந்தர உறுப்பினர்.

அவளுக்கு வேலை கண்ணாடிக் கடையில். வருகிறவர்களை உயர நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது நல்லாத் தெரியுதா, இதுவா?" என்று கேட்பாள். ஊருக்கே தெளிவு உண்டாக்குகிறவள் என்று முதலாளி கிண்டல் செய்வார். தெளிவு உண்டாக்குகிறவளின் சொந்தக் கண்ணாடி வருஷத்துக்கு ஒன்றாவது உடைந்து வரும். ஆரம்பத்தில் அவள் காரணங்களை மாற்றிப் பார்த்தாள். மாடிப்படி, அலமாரி, பஸ்ஸில் யாரோ முழங்கை. கடைசியில் கதவுதான் தோதாக அமைந்தது. கதவு எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதை யாரும் வந்து பார்ப்பதில்லை. புருவத்துக்கு மேலே தையல் போட்டபோதும் கதவு இடித்துவிட்டது என்றே சொன்னாள். தையல் போட்ட டாக்டர், பாத்து நடங்கம்மா என்றார்.

உண்மையில் அந்த வீட்டில் அப்படி ஒரு கதவு இருந்தது. குளியலறைத் தகரக் கதவு. தாழ்ப்பாள் நிற்காது. எப்போதும் பாதி திறந்தபடி நடைவழியில் நீட்டிக்கொண்டிருக்கும். பாவம், இத்தனை வருஷத்தில் அது ஒருநாளும் அவளைத் தொட்டதில்லை. பழி மட்டும் சுமந்தது.

உடைந்த கண்ணாடிகளுக்குப் பிறகு அவளுக்கு ஒரு பழக்கம் உண்டாயிற்று. மாலையில் வாசலில் அவர் பைக் சத்தம் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி, பெட்டிக்குள் வைத்து, சமையலறை மேல்தட்டில் ஏற்றிவிடுவாள். முதலில் கண்ணாடியைக் காப்பாற்றுவோம், கண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்கு. அவர் வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் அவளுக்கு உலகம் மங்கலாகத்தான் இருக்கும். அதில் ஒரு சௌகரியமும் இருந்தது. வருகிற கை தெரியாது.

பிறகு ஒரு மாலை பைக் வந்தது, கண்ணாடி மேல்தட்டுக்குப் போனது, அவர் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். எழுந்திருக்கவில்லை. குழம்பில் உப்பு கூடியிருந்தது. சாப்பிட்டார். மறுநாளும் அப்படியே. அவள் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். வாரங்கள் போயின, சத்தம் வரவில்லை. அவர் பட்டறையிலிருந்து சீக்கிரம் வந்தார். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தெருவைப் பார்த்தார். எதற்கோ சிரித்தார். ஒருநாள் காய்ந்த துணிகளை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக மடித்தார். மடிப்பு கோணல் மாணலாக இருந்தது. அவள் அதைப் பிரித்து மறுபடி மடிக்காமல் அப்படியே அலமாரியில் வைத்தாள்.

மகள் நம்பவில்லை. கல்லூரிக்குப் போகிறவள், அப்பாவோடு ஒரு மேஜையில் சாப்பிட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. "நடிக்கறாரும்மா," என்றாள். "வீட்டை உன் பேர்லேர்ந்து மாத்தறதுக்கு அடி போடறாரு."

"எந்த வீடு? இது வாடகை வீடுடி."

"அப்ப வேற எதுக்கோ."

ஒரு மாதம் கழித்து மகளே தட்டை எடுத்துக்கொண்டு வந்து மேஜையின் மறுமுனையில் உட்கார்ந்தாள். அவர் நிமிர்ந்து பார்த்து, அப்பளம் வேணுமா என்பது போலத் தன் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். அன்றைக்கு அம்மா பாத்திரம் தேய்க்கும்போது குழாயை ரொம்ப நேரம் திறந்தே விட்டிருந்தாள்.

அந்த நாட்களில் ஒருநாள்தான் அவர் அவளுடைய புருவத் தழும்பைத் தொட்டுப் பார்த்துக் கேட்டார். "இது எப்படி ஆச்சு?"

விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை. நிஜமாகவே தெரியவில்லை.

"கதவு இடிச்சிருச்சு," என்றாள்.

"எந்தக் கதவு?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. அவள் திணறிப்போய்க் குளியலறைப் பக்கம் கையைக் காட்டினாள். அவர் எழுந்து போய்க் கதவின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார். மறுநாள் அதைக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போனார். ஓரம் முழுக்கத் தேய்த்து மழுக்கி, முனைகளை வளைத்து, மேலிருந்து கீழ்வரை கறுப்பு ரப்பர் பட்டை ஒட்டிக் கொண்டுவந்து மாட்டினார். செய்யாத குற்றத்துக்குத் தண்டனை வாங்கிக்கொண்டு வந்த கதவைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது. தாழ்ப்பாளை மட்டும் மறந்துவிட்டார். அது பழையபடி பாதி திறந்து நடைவழியில் நின்றது.

"இனிமே இடிச்சாலும் வலிக்காது," என்றார். பிறகு அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். "கண்ணாடி எங்க? ஏன் கழட்டிட்ட? அப்புறம் இடிச்சுக்காம என்ன பண்ணும்." அவரே சமையலறையில் தேடி மேல்தட்டிலிருந்து பெட்டியை எடுத்தார். சட்டை நுனியில் துடைத்து, அவள் காதில் மாட்டிவிட்டார். ஒரு பக்கம் கோணலாக ஏறியது. அவள் நேராக்கவில்லை.

விஷயத்தைக் கண்டுபிடித்தது நாத்தனார்தான். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தவள், தம்பி, மனைவியின் துணியை மடித்துக்கொண்டிருப்பதைக் கண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில், இவள் என்னவோ செய்துவிட்டாள் என்றாள். பிறகு டாக்டரிடம் இழுத்துப் போனாள். என்ன தொந்தரவு என்று டாக்டர் கேட்டதற்கு, துணி மடிக்கிறான் டாக்டர் என்று அழுதாள். டாக்டர் சிரித்துவிட்டு, எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடலாம் என்றார். அடித்துக்கொண்டிருந்த வருஷங்களில் யாரும் அவருக்கு ஸ்கேன் எடுக்கவில்லை. துணி மடித்ததும் எடுத்தார்கள்.

மூளையின் முன்பக்கத்தில் கட்டி இருந்தது. வளர்கிற ஜாதி. இப்படியே விட்டால் ஒரு வருஷம் தாங்குவதே கஷ்டம், எடுத்தால் சில வருஷம் கிடைக்கும் என்றார் ஆபரேஷன் செய்கிற டாக்டர். பொறுமையானவர். அவளுக்காகவே ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். கட்டியும் மூளையும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். எது எது என்று கண்ணால் பிரிப்பது கஷ்டம். அதனால் ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு மருந்து குடிக்கக் கொடுப்பார்கள். கட்டி மட்டும் அதை இழுத்து வைத்துக்கொள்ளும். மண்டையைத் திறந்து நீல விளக்கு அடித்தால், கட்டி இருக்கிற இடமெல்லாம் ரோஸ் நிறத்தில் மினுங்கும்.

"ரோஸா தெரியறதை எடுப்போம். மத்ததைத் தொடமாட்டோம்."

"எல்லா ரோஸையுமா எடுப்பீங்க?"

"முடிஞ்சவரைக்கும். ஓரத்துல மங்கிக்கிட்டே போகும், அங்கதான் தடுமாற்றம். ஒரு துணுக்கை லேபுக்கு அனுப்பி, மைக்ராஸ்கோப்ல பாக்கச் சொல்லி, கட்டிதானான்னு அங்கேயே நின்னு கேட்டுக்குவோம்."

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகளுக்கும் கேட்காத குரலில் கேட்டாள். "அந்த ஓரத்துல இருக்கறதைக் கொஞ்சம் விட்டுவைக்க முடியாதா டாக்டர்?"

டாக்டர் பேனாவை மூடினார். பயத்தில் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். "விட்டா திரும்ப வளரும்மா. அது உங்க வீட்டுக்காரர் இல்ல. அவருக்குள்ள வந்து உக்காந்துருக்கற வேற ஒண்ணு."

அதுதான் அவளுடைய கவலையே. அதை எப்படிச் சொல்வது? கட்டிதான் துணி மடித்தது, கட்டிதான் கதவுக்கு ரப்பர் ஒட்டியது, நீங்கள் வெட்டி எடுத்துப் பாட்டிலில் போடப்போவதுதான் எனக்கு வாய்த்த புருஷன் என்று எந்த மனைவி வாய் திறந்து சொல்வாள்? அவர் சாகவும் கூடாது, பழையபடி ஆகவும் கூடாது. அவள் கேட்டது அவ்வளவுதான். இரண்டு வில்லையையும் ஒரே கண்ணில் போடச் சொல்கிற வாடிக்கையாளர்களைப் பார்த்து அவள் எத்தனையோ தரம் உள்ளுக்குள் சிரித்திருக்கிறாள்.

மருந்தைக் குடிக்கும்போது அவர் குழந்தை மாதிரி முகத்தைச் சுளித்து, கசக்குது என்றார். ஸ்ட்ரெச்சரில் போகும்போது அவள் கண்ணாடி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனார். ஆபரேஷன் பகல் முழுக்க நடந்தது. வெளியே வந்த டாக்டருக்கு முகமெல்லாம் வெற்றி. நல்ல ரோஸ்மா, தெளிவா தெரிஞ்சுது என்றார். ஓரத்தில் மங்கலாக இருந்த இடத்தில் கொஞ்சம் சந்தேகம் வந்தது, லேபில் கேட்டோம், அதுவும் கட்டிதான் என்றார்கள், எடுத்துவிட்டோம். அவள் கும்பிட்டாள். அந்த மங்கலில் எது இருந்திருக்கும் என்று யோசித்தாள். அப்பளத் தட்டா, சட்டை நுனியா.

மருந்து உடம்பில் இருக்கிறவரை வெளிச்சம் பட்டால் தோல் வெந்துபோகும் என்று திரைகளை இழுத்துவிட்டு இருட்டு அறையில் வைத்திருந்தார்கள். அவர் கண்ணைத் திறந்தார், தண்ணீர் கேட்டார், கையை அசைக்கச் சொன்னால் அசைத்தார். பேச்சு அதிகம் இல்லை. அவள் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, இருட்டில் அந்த முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். இதுவா, அதுவா? எந்த விளக்கும் அவளிடம் இல்லை.

பிறகு நர்ஸ் வந்து திரையைத் திறக்கலாம் என்றாள். டம்ளர் பறந்தது.

நாத்தனாரும் கொழுந்தனும் காபி ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெளியே போனதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். நெற்றியை ஒரு கையால் அழுத்திக்கொண்டிருந்தார். அவள் சுவரோரம், கை எட்டாத தூரத்தில் நின்றாள். உடம்பு தன் பழைய பாடத்தையெல்லாம் ஒரே நிமிஷத்தில் திரும்பப் படித்து முடித்திருந்தது.

நர்ஸ் உள்ளே வந்து பிரஷர் பார்த்தாள். என் விரலைப் பிடிங்க சார் என்றாள். அவர் கண்ணைத் திறக்காமலே பிடித்த பிடியில் நர்ஸ் கையை உதறிக்கொண்டு, நல்ல பலம் என்று சிரித்தாள். சின்னப் பெண். மகளைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கலாம். விரிசல் விட்ட வில்லை வழியாகப் பார்க்கும்போது நாலைந்து நர்ஸ்களாகத் தெரிந்தாள்.

"ஏதாவது வித்தியாசமா இருக்காராம்மா? திடீர்னு கோவம், எரிச்சல், ஆளே மாறின மாதிரி?"

"இல்ல சிஸ்டர். எப்பவும் போலத்தான் இருக்காரு."

நர்ஸ் போகத் திரும்பியவள் நின்றாள். "கன்னத்துல என்னம்மா, இப்படி வீங்கியிருக்கு?"

"கதவு இடிச்சிருச்சு."

வாய் தானாகச் சொன்னது. நர்ஸ் அறைக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஐஸ் வைங்கம்மா என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மத்தியானம் அவர் தூங்கினார். குறட்டை வித்தியாசமாக இருந்தது. எழுப்பட்டுமா என்று அவள் கேட்டதற்கு, கோபப்பட்ட களைப்பு, தூங்கட்டும் என்றாள் நாத்தனார். அடுத்த முறை நர்ஸ் வந்து இமையைத் தூக்கிப் பார்த்தபோது ஒரு கண்மணி பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருந்தது. அதன் பிறகு எல்லாரும் ஓடினார்கள். கட்டிலே ஓடியது.

சாயங்கால வெயில் நடைக்கூடத்தின் கண்ணாடித் தடுப்பில் விழுந்துகொண்டிருந்தபோது டாக்டர் வெளியே வந்தார். முகமூடி தாடையில் தொங்கியது. உள்ளே ரத்தக் கசிவு, திரும்பத் திறந்தோம், முடியவில்லை என்றார்.

நாத்தனார் போட்ட சத்தத்துக்குப் பட்டறைப் பையன்கள் படியேறி ஓடிவந்தார்கள். முதலில் உடைந்தது கண்ணாடித் தடுப்பு. கொழுந்தன் அங்கே கிடந்த இரும்பு நாற்காலியைத் தூக்கி அடித்ததில் அது பெரிய மழை மாதிரி இறங்கியது. பையன்களில் ஒருவன் மருந்து வண்டியை உதைத்துக் கவிழ்த்தான். பாட்டில்கள் தரையில் வெடித்தன. தடுக்க வந்த காவலாளியை இன்னொருவன் மண்டையில் அடித்து உட்கார வைத்தான். நடுவில் புகுந்த சின்ன நர்ஸின் வாயில் யாருடைய முழங்கையோ பட்டு உதடு கிழிந்தது. கொழுந்தன் டாக்டரின் கழுத்துப் பட்டையைப் பிடித்துச் சுவரோடு வைத்து, ஒருமுறை மோதினான். மண்டை சுவரில் பட்ட சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்.

"நல்லா இருந்த ஆளுய்யா," என்றான். அழுகையில் குரல் உடைந்திருந்தது. "காலைல டம்ளரைத் தூக்கி அடிச்சாரு. எங்க அண்ணியை ஓங்கி ஒரு அறை விட்டாரு. அவ்ளோ தெம்பா இருந்த மனுஷனைக் கொன்னுட்டு, கசிவுன்னு கதை விடறியா?"

இரண்டாவது முறை மோதுவதற்குக் கை இழுத்தபோது டாக்டர், நெரிபட்ட குரலில், "அறைஞ்சாரா?" என்றார்.

"ஆமா. அறைஞ்சாரு."

"காலைலயா?"

"அதான் சொல்றேன்ல."

டாக்டர் அவன் கையை விலக்கக்கூட முயலவில்லை. அவன் தோளுக்கு மேலே நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் உதட்டைத் துணியால் அழுத்திக்கொண்டு நின்றாள்.

"நான் கேட்டேன் டாக்டர். கோவம், எரிச்சல் ஏதாவது இருக்கான்னு. எப்பவும் போலத்தான் இருக்காருன்னு சொன்னாங்க." அவள் பக்கம் திரும்பினாள். "கன்னத்தைக் கூடக் கேட்டேன். கதவு இடிச்சிருச்சுன்னு சொன்னாங்க."

கொழுந்தனின் பிடி தானாகத் தளர்ந்தது. பையன்கள் தங்கள் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். மகள் அம்மாவைப் பார்த்தாள். நாத்தனார் யாரையும் பார்க்காமல், உடைந்த கண்ணாடிக்கு நடுவில் இருந்த பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தாள். காலையில் கைதட்டிய கைகள் மடியில் கிடந்தன.

டாக்டர் சட்டையைச் சரிசெய்துகொண்டார். கோபம் வந்திருந்தால் தேவலை என்று அவளுக்குப் பட்டது. வரவில்லை. "உள்ள ரத்தம் கசிய ஆரம்பிச்சா இப்படி ஆகறது உண்டும்மா. திடீர்னு கத்தறது, அடிக்கறது. அதுதான் முதல் அடையாளம். காலைலயே தெரிஞ்சிருந்தா..." அதற்குமேல் சொல்லவில்லை. படித்தவர்.

அவள் கண்ணாடியைச் சரிசெய்தாள். நல்ல வில்லை வழியாக அவரைப் பார்ப்பதற்காகத் தலையைச் சற்றுத் திருப்பிக்கொண்டாள்.

"அப்ப காலைல அடிச்சது அவரில்லையா டாக்டர்?"

நடைக்கூடத்தில் எங்கேயோ ஒரு கண்ணாடித் துண்டு தாமதமாக விழுந்து சிதறியது.

"அதெப்படிம்மா சொல்றது," என்றார் டாக்டர்.

வீட்டுக்குப் போகும் வண்டியில் மகள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். வெகுதூரம் போன பிறகு, வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள். "தெரிஞ்சேதான் சொன்னியாம்மா?"

"வாய்க்குப் பழகிப்போச்சுடி."

வண்டி குலுங்கியபோது மகளின் தோள் அம்மாவின் தோளில் பட்டது. அதை எடுத்துக்கொள்ளவும் இல்லை, சாய்க்கவும் இல்லை.

மறுநாள் கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். தலைக்கட்டோடு பார்த்தால் வெல்டிங் போடப் போகிறவர் மாதிரி இருந்தார். வந்தவர்களுக்கு நாற்காலி போதவில்லை. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினார்கள். சுத்தியலிடம் அடி வாங்கியவர்களில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். இன்னும் பாதிப் பேர் வந்தால் தெருவை மறித்திருக்க வேண்டும். மூக்கு ஒரு பக்கமாக வளைந்த எதிர்க் கடைக்காரர், கிட்டத்தில் போய் முகத்தை நெடுநேரம் பார்த்தார். ஏதாவது சொல்வாரோ என்று எல்லாரும் பயந்தார்கள். அவர் தன் மூக்கைத் தடவிக்கொண்டு, நல்ல வேலைக்காரர் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வருகிற பெண்கள் அவள் கையைப் பிடித்தார்கள். பிடித்தவர்களின் கண் கன்னத்துக்குப் போயிற்று. கன்னம் நீலமாகி, கீழிமை வரை இறங்கியிருந்தது. கண்ணாடிக்குக் காலையில் மகள் டேப் ஒட்டியிருந்தாள். யாரும் கேட்கவில்லை. ஒருத்தி மட்டும், தூரத்து உறவு, குரலைத் தாழ்த்தி, "கன்னத்துல என்னடி?" என்றாள்.

அவள் வாயைத் திறந்தாள். வாய் பாதியில் நின்றுவிட்டது.

"கதவு இடிச்சிருச்சு," என்று பக்கத்தில் இருந்து நாத்தனார் சொன்னாள். யார் முகத்தையும் பார்க்காமல், தம்பியின் காலடியில் போர்வையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்.

அவரைக் கொண்டுபோனார்கள். கொண்டுபோனவர்கள் திரும்பினார்கள். இரவல் நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுத் தத்தம் வீட்டுக்குப் போயின. கூடம் திடீரென்று பெரிதாகத் தெரிந்தது. நாத்தனார் உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். மகள் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு, குளித்து மாற்றத் துணி தேடுவதாகச் சொன்னாள். உள்ளே கோணல் மாணலாக மடித்த அடுக்கு இருந்தது. மகள் எதையும் எடுக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் சமையலறையில் எல்லாருக்கும் காபி போடலாம் என்று பாலை அடுப்பில் வைத்தாள். வெளியில் இன்னும் வெளிச்சம் இருந்தது.

அப்போது வாசலில் பைக் வந்து நின்றது.

பட்டறையில் கிடந்த அவருடைய பைக்கைக் கொழுந்தன் ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். கொண்டுவரட்டுமா என்று மத்தியானமே கேட்டிருந்தான், சரி என்று அவளே சொல்லியிருந்தாள். ஆனால் காது அந்தப் பேச்சுக்கெல்லாம் காத்திருக்கவில்லை. என்ஜின் இரண்டு முறை உறுமி அடங்குவதற்குள் அவள் கை கண்ணாடியைக் கழற்றியிருந்தது. டேப் ஒட்டிய கண்ணாடி. உடைந்ததற்கு என்ன காவல்? கை அதைக் கேட்கவில்லை. பெட்டியில் வைத்து, மூடி, மேல்தட்டில் ஏற்றியது.

கொழுந்தன் வாசலிலிருந்து, அண்ணி, சாவி என்றான்.

"வரேன்," என்று அடுப்பைத் தணித்துவிட்டு நடந்தாள். நடைவழியிலிருந்து பார்க்கக் கூடம் பழையபடி மங்கலாக இருந்தது. வாசலில் வெளிச்சத்தை மறித்துக்கொண்டு நின்ற ஆளுக்கு அண்ணனின் அதே தோள், அதே நிற்கிற தோரணை. இரண்டு பல் இல்லாதது இங்கிருந்து தெரியாது. அவள் அந்த உருவத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

புருவத்தில் ஏதோ வந்து மோதியது.

சரியாகத் தழும்பின் மேல். அவள் நின்றாள். வலிக்குமென்று உடம்பு முழுக்கச் சுருங்கிக் காத்திருந்தது. வலி வரவில்லை. கையை உயர்த்தித் தடவிப் பார்த்தாள். வழவழவென்று ரப்பர். மேலிருந்து கீழ்வரை, முனைகள் வளைந்து.

"என்னம்மா சத்தம்?" என்றாள் மகள் உள்ளேயிருந்து.

"ஒண்ணுமில்ல. கதவு இடிச்சிருச்சு."

மகள் நடைவழிக்கு வந்து எட்டிப் பார்த்தாள். கொழுந்தன் வாசலில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. அவள் நகரவில்லை. நெற்றியை அந்த ஓரத்தில் வைத்தபடியே நின்றாள். தாழ்ப்பாள் நிற்காத கதவு அவள் பாரத்துக்கு மெல்ல மெல்லப் பின்னால் போனது. அவளும் அதோடு அரை அடி போனாள்.